'போல கிடக்கு' என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து வழிகள்

"மழை வரும் போல கிடக்கு."
"போனிலை கதைக்கிறது உங்கடை அண்ணா போல கிடக்கு."
"கறி அடிப்பிடிச்சது போல கிடக்கு."
"இதுக்குத் தேசிக்காய்ப் புளி கூட விட்டது போல கிடக்கு."
"பிள்ளைக்குக் காய்ச்சல் போல கிடக்கு."

யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்த ஐந்து வசனங்களும் சாதாரணமாகக் காதில் விழுபவை. முதலாவதைச் சொன்னவர் வானத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டாமவர் குரலைக் கேட்டிருக்கிறார். மூன்றாமவருக்கு மணம் பட்டிருக்கிறது. நான்காமவர் ருசி பார்த்திருக்கிறார். ஐந்தாமவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டிருக்கிறார். ஐந்து பேரும் ஐந்து புலன்களால் அறிந்ததை ஒரே முடிவால் சொல்லிவிட்டார்கள். எந்தப் புலன் என்பதைக் கேட்பவர் சூழ்நிலையிலிருந்து விளங்கிக்கொள்கிறார்.

ஆங்கிலம் இந்த வசதியைத் தருவதில்லை. எந்தப் புலனால் அறிந்தீர்கள் என்பதை வினைச்சொல்லே சொல்லியாக வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்: சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர்கள், காலங்களைப் பிழையில்லாமல் எழுதுபவர்கள், இந்த இடத்தில் மட்டும் 'இஸ் லைக்' என்ற ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். தமிழின் 'போல' ஒன்று என்பதால் ஆங்கிலத்திலும் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து வினைகள்

கண்ணுக்கு 'லுக்', காதுக்கு 'சவுண்ட்', மூக்குக்கு 'ஸ்மெல்', நாவுக்கு 'டேஸ்ட்', தொடுகைக்கு 'ஃபீல்'. இவற்றை ஆங்கில இலக்கண நூல்கள் புலன் வினைகள் என்று அழைக்கின்றன.

முதலில் கவனிக்கவேண்டியது எழுவாய். 'நான் வானத்தைப் பார்க்கிறேன்' என்பதில் எழுவாய் பார்க்கும் ஆள். அதற்கு 'சீ' அல்லது 'லுக் அட்' வரும். 'வானம் இருண்டு தெரிகிறது' என்பதில் எழுவாய் பார்க்கப்படும் பொருள். அதற்கு 'த ஸ்கை லுக்ஸ் டார்க்'. ஒப்பீட்டுக்கு நாம் பயன்படுத்தும் வினைகள் இரண்டாவது வகை.

'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்' மூன்றும் இரண்டு வேலையையும் செய்யும். நான் கறியை முகர்ந்தாலும் 'ஸ்மெல்', கறி மணத்தாலும் 'ஸ்மெல்'. காதுக்கு அப்படியல்ல. ஆள் கேட்டால் 'ஹியர்', பொருள் ஒலித்தால் 'சவுண்ட்'. தமிழில் 'நான் கேட்கிறேன்', 'சத்தம் கேட்கிறது' என்று இரண்டுக்கும் ஒரே வினை இருப்பதால், 'உங்கள் குரல் அப்பாவின் குரல் போலக் கேட்கிறது' என்பதை 'யுவர் வொய்ஸ் ஹியர்ஸ் லைக்' என்று தொடங்கிவிடுகிறோம். 'யூ சவுண்ட் லைக் யுவர் ஃபாதர்' என்பதே சரி. 'குரல்' என்ற சொல்லே அங்கு தேவையில்லை. 'சவுண்ட்' என்றதும் குரல் பற்றிய பேச்சு என்பது விளங்கிவிடும்.

வினைக்குப் பின் மூன்று வாசல்கள்

புலன் வினையைத் தெரிந்தெடுத்த பிறகு அதன் பின்னால் என்ன வரும் என்பதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதல் வாசல் பெயரடை. 'ஷி லுக்ஸ் டயர்ட்', 'த பிட்டு ஸ்மெல்ஸ் குட்', 'த வோட்டர் ஃபீல்ஸ் கோல்ட்'. தமிழில் 'அழகாகத் தெரிகிறாள்', 'நன்றாக மணக்கிறது' என்று 'ஆக' சேர்த்துச் சொல்வதால், ஆங்கிலத்திலும் வினையடை போடத் தோன்றும். 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதுபவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. புலன் வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' வரும். 'ஷி இஸ் பியூட்டிஃபுலி' வராது. அப்படியானால் 'லுக்ஸ்' என்பதன் பின்னும் 'பியூட்டிஃபுல்' தான்.

பார்வை என்ற செயலைச் சொல்லும்போது மட்டும் வினையடை திரும்பி வரும். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்றால் அவர் கோபமாக இருப்பது போலத் தெரிந்தார். 'ஹி லுக்ட் அட் மி ஆங்ரிலி' என்றால் என்னைக் கோபத்தோடு பார்த்தார். ஒன்று தோற்றம், மற்றது செயல்.

இரண்டாவது வாசல் 'லைக்', அதன் பின் ஒரு பெயர்ச்சொல். 'த பில்டிங் லுக்ஸ் லைக் எ ஸ்கூல்', 'திஸ் டேஸ்ட்ஸ் லைக் மேங்கோ', 'த குளோத் ஃபீல்ஸ் லைக் சில்க்'. பெயர்ச்சொல்லோடு ஒப்பிடும்போதுதான் 'லைக்' வேண்டும். தனிப் பெயரடைக்கு முன் அது வராது. 'களைத்தது போல இருக்கிறார்' என்பதை நினைத்துக்கொண்டு 'ஹி லுக்ஸ் லைக் டயர்ட்' என்று சொல்வது பிழை. 'ஹி லுக்ஸ் டயர்ட்' போதும். 'போல' என்ற பொருள் 'லுக்ஸ்' என்பதற்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது வாசல் முழு வசனம். ஒப்பிடப்படுவது ஒரு நிகழ்ச்சியாக இருந்தால் 'அஸ் இஃப்' அல்லது 'அஸ் தோ' வரும். 'யூ லுக் அஸ் இஃப் யூ ஹாவ் நொட் ஸ்லெப்ட்' – நீங்கள் நித்திரை கொள்ளாதது போலத் தெரிகிறீர்கள். 'இட் சவுண்ட்ஸ் அஸ் தோ த பஸ் இஸ் கமிங்' – பஸ் வருவது போலச் சத்தம் கேட்கிறது.

அன்றாடப் பேச்சில் இந்த இடத்திலும் 'லைக்' தாராளமாக வருகிறது: 'இட் லுக்ஸ் லைக் இட் இஸ் கோயிங் டு ரெயின்'. இப்படி முழு வசனத்துக்கு முன் 'லைக்' போடலாமா என்பது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் நெடுநாள் சண்டையிட்ட விடயம். 1954இல் அமெரிக்காவில் வெளிவந்த வின்ஸ்டன் சிகரெட்டின் விளம்பர வாசகம், சிகரெட் எப்படி ருசிக்கவேண்டுமோ அப்படி ருசிக்கிறது என்ற கருத்தைச் சொல்ல, 'அஸ்' வரவேண்டிய இடத்தில் 'லைக்' போட்டது. இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். விளம்பரம் பல ஆண்டுகள் ஓடியது. இன்று பேச்சில் அதைப் பிழை என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால் பரீட்சையிலும் அலுவலகக் கடிதத்திலும் 'அஸ் இஃப்' எழுதுவதே பாதுகாப்பு.

உண்மையல்லாத ஒன்றைச் சொல்லும்போது 'அஸ் இஃப்' என்பதன் பின் வினை இறந்தகாலத்துக்குப் போகலாம். 'ஹி லுக்ஸ் அஸ் இஃப் ஹி வேர் த ஓனர்' என்றால், அவர் முதலாளி அல்ல என்பது நமக்குத் தெரியும். தோரணைதான் முதலாளித் தோரணை. 'ஹி லுக்ஸ் அஸ் இஃப் ஹி இஸ் த ஓனர்' என்றால், அவர் முதலாளியாகவே இருக்கவும் கூடும்.

கூட்டியும் குறைத்தும் ஒப்பிடல்

ஒப்புமையின் அளவைச் சொல்ல 'லைக்' என்பதற்கு முன் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். 'ஜஸ்ட் லைக்' என்றால் அச்சு அசல். 'எ பிட் லைக்' என்றால் கொஞ்சம் சாயல். 'நத்திங் லைக்' என்றால் எந்த ஒற்றுமையும் இல்லை. 'ஷி லுக்ஸ் மோர் லைக் ஹெர் மதர் தன் ஹெர் ஃபாதர்' என்றால் தகப்பனைவிடத் தாயின் சாயல்தான் கூட.

'விட' என்று ஒப்பிட, பெயரடையின் ஒப்பீட்டு வடிவம் வரும்: 'யூ லுக் யங்கர் தன் யுவர் பிரதர்', 'திஸ் டீ டேஸ்ட்ஸ் ஸ்ட்ரோங்கர் தன் தட் வன்'. இரண்டு புலன்களையே ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியும். துரியன் பழத்தைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை: 'துரியன் டேஸ்ட்ஸ் பெட்டர் தன் இட் ஸ்மெல்ஸ்'. அதன் மணத்தைவிட ருசி மேல். இதைத் தமிழில் சொல்ல நமக்கு இரண்டு பெயர்ச்சொற்கள் வேண்டியிருக்க, ஆங்கிலம் இரண்டு வினைகளால் முடித்துவிடுகிறது.

இடறும் இடங்கள்

'புதிய அதிபர் எப்படி?' என்று தமிழில் கேட்டால் அவருடைய உடல்நலத்தையும் கேட்கலாம், தோற்றத்தையும் கேட்கலாம், குணத்தையும் கேட்கலாம். ஆங்கிலத்தில் இவை மூன்று கேள்விகள். நலம் கேட்க 'ஹௌ இஸ் ஹி?' தோற்றம் கேட்க 'வொட் டஸ் ஹி லுக் லைக்?' குணம் கேட்க 'வொட் இஸ் ஹி லைக்?' தோற்றத்தைக் கேட்கப்போய் 'ஹௌ டஸ் ஹி லுக் லைக்?' என்று சொல்வது நம்மவர்களிடம் மிகப் பரவலான பிழை. முடிவில் 'லைக்' இருந்தால் தொடக்கத்தில் 'வொட்' வரவேண்டும். ஐஈஎல்டிஎஸ் பேச்சுப் பரீட்சையின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிட ஆயத்தத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் வரை பேசவேண்டும். ஓர் ஆளை விவரிக்கும் தலைப்பு வந்தால், இந்தக் கேள்விகளில் எதற்கு விடை சொல்கிறோம் என்பது தெரியாமல் பேசுபவர் பாதி நேரத்தை வீணாக்குவார்.

'ஃபீல் லைக்' இன்னோர் இடறல். 'இட் ஃபீல்ஸ் லைக் சில்க்' ஓர் ஒப்பீடு. 'ஐ ஃபீல் லைக் எ டீ' என்பதில் ஒப்பீடு எதுவுமில்லை. தேநீர் குடிக்க மனமாக இருக்கிறது என்பது பொருள். 'ஐ ஃபீல் லைக் கிரையிங்' என்றால் அழவேண்டும் போலிருக்கிறது. ஆனால் 'ஐ ஃபீல் லைக் எ ஸ்ட்ரேஞ்சர்' என்றால் அந்நியன் போல உணர்கிறேன். எது வேண்டுதல், எது ஒப்பீடு என்பதைப் பின்னால் வரும் சொல்தான் காட்டும்.

'ஸ்மெல்' என்பதன் பின் எதுவும் வராவிட்டால் அது கெட்ட மணம். 'திஸ் ரூம் ஸ்மெல்ஸ்' என்று சொன்னால் அறை நாறுகிறது என்றே அர்த்தம். தமிழ் வாசகர்களுக்கு இது புதுமையல்ல. 'நாற்றம்' என்பது பழந்தமிழில் பொதுவாக மணத்தைக் குறித்த சொல். பூவுக்கும் நாற்றம் இருந்தது. காலப்போக்கில் அது கெட்ட மணத்துக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது. இரண்டு மொழிகளிலும் மூக்கு ஒரே மாதிரித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

'ஸ்மெல் லைக்', 'ஸ்மெல் ஒஃப்' என்ற இரண்டுக்கும் இடையே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. 'ஹிஸ் ஹேண்ட்ஸ் ஸ்மெல் ஒஃப் கெரசீன்' என்றால் கையில் மண்ணெண்ணெய் பட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஸ்மெல் லைக் கெரசீன்' என்றால் அதைப் போன்ற மணம் வருகிறது. அது வேறு எதுவாகவும் இருக்கலாம்.

கடைசியாக, தொடர்காலம். 'த கறி இஸ் டேஸ்டிங் குட்' என்று நம் நாட்டில் சொல்லக் கேட்கலாம். கறி ருசிப்பது அதன் இயல்பு, செயல் அல்ல. எனவே 'த கறி டேஸ்ட்ஸ் குட்'. சமைப்பவர் ருசி பார்ப்பது செயல். அதற்கு 'ஷி இஸ் டேஸ்டிங் த கறி' சரி. 'லுக்', 'ஃபீல்' இரண்டும் மனிதரைப் பற்றி வரும்போது இவ்விதி தளரும். 'யூ ஆர் லுக்கிங் வெல்', 'ஐ ஆம் ஃபீலிங் பெட்டர்' என்பவை பிழையல்ல.

வைத்தியர் முன்னால்

இதெல்லாம் பரீட்சைக்கான நுணுக்கங்கள் மட்டும்தானா? இல்லை என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது வைத்தியசாலை. கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிள்ளைகளோடு வாழும் வயதானவர்களிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளில் ஒன்று 'வொட் டஸ் த பெய்ன் ஃபீல் லைக்?' என்பது. 'நோ எப்படி இருக்கிறது' என்று அவர் கேட்பது அனுதாபத்துக்காக அல்ல. வலியின் தன்மை நோயைக் கண்டுபிடிக்க உதவும். மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாக்கொத்து, குத்துதல், எரிதல், துடித்தல், பாரமாக இருத்தல் போன்ற சொற்களை வகை வகையாக அடுக்கித் தந்தது. நோயாளி தெரிந்தெடுக்கும் சொல்லே ஒரு மருத்துவத் தகவல் என்ற எண்ணம் அதன் அடிப்படை.

நம்மிடம் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. குத்துது, எரியுது, கடுக்குது, உளையுது, விண் விண் எண்டு வலிக்குது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டால் 'பெயின், பெயின்' என்று நின்றுவிடுகிறோம். 'இட் ஃபீல்ஸ் லைக் நீடில்ஸ்' – ஊசி குத்துவது போல. 'இட் ஃபீல்ஸ் லைக் பேர்னிங்' – எரிவது போல. 'இட் ஃபீல்ஸ் அஸ் இஃப் சம்வன் இஸ் சிட்டிங் ஒன் மை செஸ்ட்' – நெஞ்சில் ஆள் ஏறி இருப்பது போல. இந்தக் கடைசி வசனத்தைக் கேட்ட வைத்தியர் மாரடைப்பாக இருக்குமோ என்று உடனே இருதயத்தைச் சோதிப்பார். வெளிநாடு செல்லும் பெற்றோருக்கு நான் முதலில் பாடமாக்கக் கொடுப்பது இந்த மூன்று வசனங்களைத்தான்.

சாட்சிக் கூட்டில்

இரண்டாவது இடம் வாக்குமூலம். இலங்கையின் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், அதன் 60ஆம் பிரிவில், வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருக்கவேண்டும் என்கிறது. பார்க்கக்கூடிய விடயம் என்றால் பார்த்தவர் சொல்லவேண்டும். கேட்கக்கூடிய விடயம் என்றால் கேட்டவர் சொல்லவேண்டும். வேறு புலனால் அறியக்கூடியது என்றால் அந்தப் புலனால் அறிந்தவர் சொல்லவேண்டும். ஆங்கில இலக்கணத்தின் புலன் வினைகளும் இந்தச் சட்டப்பிரிவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: உனக்கு எப்படித் தெரியும்?

ஒருவர் தமிழில் 'வந்தவர்கள் ஆமிக்காரர் போல இருந்தார்கள்' என்கிறார். அந்த வாக்குமூலம் ஆங்கிலத்துக்குப் போகிறது. மொழிபெயர்ப்பவர் 'தே வேர் சோல்ஜர்ஸ்' என்று எழுதினால், சாட்சி சொல்லாத ஓர் உறுதியை அவர் வாயில் திணிக்கிறார். 'தே லுக்ட் லைக் சோல்ஜர்ஸ்' என்று எழுதினால், சாட்சி அவர்களைக் கண்ணால் கண்டதாகிறது. சம்பவம் நடந்தது மின்சாரமில்லாத இரவு என்றால், இருட்டில் எப்படிக் கண்டீர் என்ற குறுக்குக் கேள்வி நிச்சயம் வரும். உண்மையில் அவர் கதவுக்குப் பின்னால் நின்று பேச்சையும் சப்பாத்துச் சத்தத்தையும் கேட்டவராக இருந்தால், சரியான வசனம் 'தே சவுண்டட் லைக் சோல்ஜர்ஸ்'. ஒரே ஒரு வினைச்சொல் மாறியதால் உண்மை சொன்னவர் பொய்யர் என்ற பெயர் எடுக்க நேரலாம். வெளிநாட்டு அகதி விண்ணப்பங்களின் நேர்காணல்களிலும் இதே ஆபத்து இருக்கிறது.

எனவே மொழிபெயர்ப்பவர் 'போல' என்ற சொல்லைக் கேட்டதும் நிறுத்தி, 'கண்டீர்களா, கேட்டீர்களா?' என்று விசாரிக்கவேண்டும். சாட்சி சொல்பவரும் தமிழிலேயே 'ஆமிக்காரர் போலக் கதைத்துக் கேட்டது' என்று புலனைச் சேர்த்துச் சொல்லிப் பழகலாம். செய்தி எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். 'வெடிச்சத்தம் போன்ற சத்தம் கேட்டது' என்று ஊரவர் சொன்னதை 'வெடிப்பு நிகழ்ந்தது' என்று எழுதுவது மொழிநடை மாற்றம் மட்டுமல்ல. நிரூபிக்கப்படாத ஒன்றை நடந்ததாக்குவது.

தமிழுக்கு இந்தக் கவனம் புதிதல்ல. உற்றறிதல், சுவை, நாற்றம், பார்வை, கேள்வி என்று புலன்களை வரிசையிட்டு உயிர்களை வகுத்தது தொல்காப்பியத்தின் மரபியல். அதே நூலின் உவமவியல், ஒப்புமை எதில் இருக்கிறது என்று கேட்டு, வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரித்தது. பிறர் சொல்லக் கேட்டதை 'வந்தானாம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்து இன்றும் பிரித்துக் காட்டுகிறோம். எப்படி அறிந்தோம் என்பதைச் சொல்லும் வழக்கம் நமக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வேறு இடத்தில், வினைச்சொல்லில், அமர்ந்திருக்கிறது என்பதே வேறுபாடு.

பேசுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் புலனால் அறிந்தேன்? அதற்கேற்ற வினையை எடுங்கள். ஒப்பிடுவது தன்மையையா, பொருளையா, நிகழ்ச்சியையா? தன்மைக்குத் தனிப் பெயரடை, பொருளுக்கு 'லைக்', நிகழ்ச்சிக்கு 'அஸ் இஃப்'. எனக்கு அது உறுதியாகத் தெரியுமா? தெரியுமென்றால் 'இஸ்' என்று சொல்லிவிடுங்கள். புலன் வினையே தேவையில்லை. இன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஐந்து பொருட்களை ஐந்து புலன்களாலும் ஒப்பிட்டு ஐந்து வசனம் சொல்லிப் பாருங்கள். ஒரு கிழமை தொடர்ந்தால், 'இஸ் லைக்' என்ற பழக்கம் தானாக விட்டுப்போகும்.